அடிபட்டிருக்கு, வேற ஒண்ணும் இல்ல

சிதம்பரம் கீழ வீதியில் பந்தோபஸ்துக்கு நின்றுகொண்டிருந்த போலீஸ்காரி வெண்மதியைத் தேடி இன்ஸ்பெக்டர் சுப்பராயலு தானே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"வாங்கம்மா, கடலூர் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

இத்தனை வருஷமாக "ஏம்மா, எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கத்திய வாய் 'வாங்கம்மா' என்றால் என்ன அர்த்தம்?

"கதிரவனுக்கு அடிபட்டிருக்குதாம். ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க, வேற ஒண்ணும் இல்ல. எஸ்.பி. ஆபீஸ்ல லைன் போட்டுக் குடுப்பாங்க, பேசலாம்."

வேற ஒண்ணும் இல்லயாம்! எத்தனை வீட்டு வாசலில் நின்று வெண்மதியே இதைச் சொல்லியிருக்கிறாள். பைபாசில் லாரி ஏறி அந்த இடத்திலேயே உயிர் போனவனுக்கும் 'அடிபட்டிருக்கு'தான். கிள்ளைக் கடலில் மூழ்கினவனையும் 'ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க'தான். செத்துவிட்டான் என்று எந்தப் போலீஸ்காரரும் வாசலில் வைத்துச் சொல்வதில்லை. பாதி வழியில் 'கொஞ்சம் சீரியஸ்' என்பார்கள். மீதியை ஆஸ்பத்திரி வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பது ஊருக்குத்தான். இரக்கப்பட்டுச் சொல்லும் பொய் போலீசில் சம்பளத்தோடு சேர்ந்த வேலை.

அவள் புருஷன் கதிரவன் கடலூர் ஆயுதப்படைக் காவலன். அதற்கு முன் பட்டாளத்தில் இருந்தவன். எல்லையில் சண்டை மூண்டதும், பட்டாளத்தை விட்டு வந்தும் ரிசர்வில் பெயர் இருந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கடலூர் போலீசிலிருந்து நாலைந்து பேர் கிளம்பினார்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் பேண்டு வாசித்து மாலை போட்டு அனுப்பினார்கள். போட்டவர்களுக்கு என்ன, போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெண்மதிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஜீப்பின் பின் சீட்டில் தனக்கோடி ஏட்டம்மா உட்கார்ந்திருந்தாள். கெட்ட சேதி கொண்டுபோகும்போதெல்லாம் ஸ்டேஷனில் அவளைத்தான் கூட்டிப்போவார்கள். மயங்கி விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்க அவள் உடம்பு தோது. அவளைப் பார்த்ததும் வெண்மதி ஏறாமல் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நிஜத்தச் சொல்லு. உயிரோட இருக்கறாரா?"

"இருக்காருடி. அடிதான்."

"போன வாரம் புவனகிரியில அந்தப் பொண்ணுகிட்டயும் இதத்தான சொன்ன?"

தனக்கோடி அவள் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள். பாவம், அவள்தான் வேறு என்ன சொல்வாள்? கொஞ்ச நேரம் கழித்து, "போனக் குடு, நான் வச்சிருக்கேன். வாட்ஸ்அப்ல கண்டதயும் போடறானுங்க" என்று கை நீட்டினாள். செத்தவன் போட்டோ குரூப்பில் வந்துவிடும் என்று வீட்டுக்காரர்களின் போனை வாங்கி வைப்பதும் வழக்கம்தான். வெண்மதி ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிட்டாள். பார்க்க அவளுக்கும் தைரியம் இல்லை.

புதுச்சத்திரத்தில் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"கொஞ்சம் சீரியஸ்தாம்மா. ஆனா உயிருக்கு ஒண்ணும் இல்ல." சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேய் எந்த வழியில் வரும் என்று தெரிந்தவள் மிரளாமல் என்ன செய்வாள்? ஆலப்பாக்கம் தாண்டும்போது அவள் மனசு எங்கெங்கோ ஓடியது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகள் தீபிகாவை யார் போய்க் கூட்டிவருவது? பெட்டி வந்து இறங்கும்போது தான் யூனிஃபார்மில் நிற்பதா, புடவையிலா? சல்யூட் அடிக்க வேண்டுமா, அழ வேண்டுமா? இப்படியெல்லாம் யோசிக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. தனக்கோடியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்.பி. ஆபீசில் அவள் நுழைந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சாதாரண போலீஸ்காரிக்கு யார் எழுந்து நிற்பார்கள்? அதோடு அவளிடம் மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று. மேஜையில் இருந்த போனை எடுத்து நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. வாங்காத வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. தனக்கோடிதான் போனை அவள் காதில் வைத்தாள்.

யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"வெண்மதி?"

"மாமா!"

"நான்தான்டி. பயப்படாத. லேசா அடி..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "உங்கிட்டப் போயி அப்புடிச் சொல்ல முடியுமா? எடது காலு போச்சுடி. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. யாரும் சொல்லக் கூடாது, நானே சொல்லிக்கிறேன்னு இவுங்ககிட்ட கேட்டுக்கிட்டேன்."

வெண்மதி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்காமல், ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று! காலாம், கால்! அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பயந்து தனக்கோடி தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல் விம்முவது கேட்டது.

"ரெண்டு நாளா இத உங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு பயந்து செத்துக்கிட்டு இருக்கேன். நீ சிரிக்கறியா?"

"நீ பேசறியே மாமா" என்றாள் வெண்மதி. "இன்னும் எதுனா பேசு."