முன் பிரேக் பிடிக்காத குடும்பம்

முன்சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்க வைத்த அழகுமலை, அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பெருமாநல்லூரில் பட்டறை போட்டிருப்பவன். பழைய புல்லட் என்றால் இந்த வட்டாரத்தில் அவனிடம்தான் வருவார்கள்.

"அக்கா, இங்கிட்டு வந்து பாருங்க."

சக்கரத்துக்குள்ளே பிறை நிலா மாதிரி இரண்டு கட்டைகள் எதிரும் புதிருமாக இருக்கும் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவன் எனக்குப் பாடம் எடுத்திருந்தான். கைப்பிடியை அழுத்தினால் அவை விரிந்து சக்கரத்தை உள்ளிருந்து கவ்வுமாம். குனிந்து பார்த்தேன். கட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் கரிபிடித்த துணி ஒன்றைச் சுற்றித் தையல் நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

"பிரேக்கு தேஞ்சிருக்கும்னு நெனச்சேன். இதுல பிரேக்கே இல்லக்கா. கட்டையப் பூராம் உருவிட்டு, உள்ள லொடலொடன்னு ஆடாம இருக்கத் துணியச் சுத்தி வச்சிருக்காங்க. பஞ்சர் போட்டவன் எவனாச்சும் பாத்திருப்பான். நமக்கென்னன்னு மூடிட்டுப் போயிருப்பான்."

"அஞ்சு வருசமா இதுலதானே போய்ட்டு வர்றேன்."

"கருப்பசாமி பின்னாடியே உக்காந்து வந்திருக்காரு" என்றான்.

சில குடும்பங்களில் பூசணிக்காய் சமைக்க மாட்டார்கள், சில குடும்பங்களில் புதன்கிழமை பெண்ணை அனுப்ப மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் முன் பிரேக் பிடிக்க மாட்டோம். முன்னால் பிடித்தால் வண்டி தூக்கி வீசிவிடும் என்று அப்பா அண்ணனுக்குச் சொன்னார், அண்ணன் எனக்குச் சொன்னார். நானும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஐந்து வருஷமும் இடதுகால் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டினேன். போன மாதம் நால்ரோட்டுக்கு முன்னால், ஆள் இறக்குவதற்காகக் கம்பெனி வேன் ஒன்று திடீரென்று நின்றது. காலை அழுத்தியதும் பின்சக்கரம் வழுக்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக வலதுகைப் பிடியை அழுத்தினேன். அது பாட்டுக்கு வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. வேனின் பின்புறத்தில் மோதி முழங்காலில் மூன்று தையல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கட்டுப் பிரித்த அன்றே அழகுமலையிடம் வந்து, பழையதைத் தூக்கிவிட்டு முன்னால் டிஸ்க் பிரேக் போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டேன்.

இந்த வண்டி எனக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகு பத்திர ஆபீஸுக்கு வரச்சொன்னார்கள். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் ஒரு சீர் மாதிரிதான். காலையில் கையெழுத்து, மதியம் ஹோட்டலில் இலைச்சாப்பாடு, சாயங்காலம் ஒரு பட்டுப்புடவை. தோட்டமும் கம்பெனியும் அண்ணன் ஈஸ்வரமூர்த்திக்கு. நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். புடவை வேண்டாம், ஷெட்டில் கிடக்கிற அப்பாவின் புல்லட்டைக் கொடுங்கள் என்றேன். அண்ணன் சிரித்தார். "எடுத்துக்க அம்மிணி. துருப்புடிச்ச இரும்புதான" என்றார். எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி. அதில் பனியன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்த்தான் அப்பா தொழிலை ஆரம்பித்தார். நான் அதைத் துடைத்து, என்ஜினைப் பிரித்துச் செய்து, ஊர் வேடிக்கை பார்க்க ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிறந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

இப்போது கம்பெனிக்கு நாற்பதாவது வருஷம். ஒற்றை வண்டியில் தொடங்கிய பயணம் என்று யாரோ அண்ணனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்டர் கொடுக்கிற பாரின் பையர் வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுகிற மாதிரி, முன் வராந்தாவில் கண்ணாடிக் கூண்டு கட்டி அதற்குள் புல்லட்டை நிறுத்த வேண்டுமாம். அப்பா ஓட்டியது ஓட்டியபடி, ஒரு நட்டுக்கூட மாறாமல் இருக்க வேண்டுமாம். எனக்குப் பதிலுக்குப் புது ஸ்கூட்டர். இதைப் போனில் சொன்னபோதே முடியாது என்றேன். டிஸ்க் போடப்போகிறேன் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அழகுமலை அந்தத் துணி முடிச்சை அறுத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கார் பட்டறை வாசலில் வந்து நின்றது.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் பார்வைக்குச் சரியாக இருந்தால் போதும் என்று நினைக்கிற ஆள். அவர் கம்பெனியில் பையர் இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்று எல்லா மிஷினிலும் விரல் ஊசிக்குள் போகாமல் தடுக்கிற கம்பியை மாட்டுவார்கள். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும், உற்பத்தி குறைகிறது என்று மறுநாள் கழற்றிவிடுவார்கள். கம்பிகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு எடுத்து வைப்பார்கள். வெட்டி அனுப்புகிற துணியை, கட்டிங் என்போம், வாங்கித் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் ஒன்றை நானும் நடத்துகிறேன். பதினொரு மிஷின்கள். கம்பியைக் கழற்ற நான் விட்டதில்லை. அதனால் எனக்குப் பீஸ் குறைவுதான். அந்தப் பதினொரு மிஷினுக்கும் வேலை தருகிற ஒரே பார்ட்டி அண்ணன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"கண்ணாடிக்கு ஆர்டர் குடுத்தாச்சு கலா. வெள்ளிக்கிழமை பூஜை. சக்கரத்த மாட்டச் சொல்லு" என்றார் அண்ணன், உட்காராமலே.

"மாட்டத்தான் போறானுங்ணா. டிஸ்க் சக்கரம்."

"அப்பா ஓட்டுன வண்டி அது. ஒரிஜினல். அதப் போய் அறுக்கறயா?"

"ஒரிஜினல எங்கீங்ணா காணோம்? நீங்களே வந்து பாருங்க."

அழகுமலை அந்தத் துணியைப் பெட்ரோலில் அலசி, பிழிந்து, என் கையில் கொடுத்தான். சுற்றின் உள்மடிப்பில் கரி ஏறவில்லை. மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்ட பனியன் துணி. கட்டிங்கில் விழுந்த வேஸ்ட் துண்டு. பார்த்த உடனே எனக்கு வருஷம் தெரிந்துவிட்டது.

இந்த ஊரில் பிறந்தவர்களுக்குத் துணிதான் காலண்டர். எந்தக் கலர் எந்த வருஷத்து ஆர்டர் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். மஞ்சள் பச்சைக் கோடு தொண்ணூறாம் வருஷம். அப்பாவுக்கு முதன்முதலாகக் கிடைத்த எக்ஸ்போர்ட் ஆர்டர், சாயம் ஒத்துப்போகவில்லை என்று பாதி திரும்பி வந்தது. அந்த வருஷம் முழுக்க நானும் அண்ணனும் அந்த டி-ஷர்ட்டைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அந்த லாட் முடிந்த பிறகு அந்தத் துணி எங்கள் வீட்டில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. தொண்ணூற்றொன்று தை மாதத்தில்தான் அவினாசி ரோட்டில் விபத்து நடந்தது. அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போன அம்மா வேலாத்தாளுக்குத் தொடை எலும்பு முறிந்து, கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. வண்டி ஷெட்டுக்குப் போனது. விதி என்றார்கள், கண்ணேறு என்றார்கள், குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டவில்லை என்றார்கள். கிடாயும் வெட்டினோம். விபத்து நடந்த அன்றைக்கே சக்கரத்துக்குள்ளே பிரேக் இருந்த இடத்தில் எங்கள் கம்பெனி வேஸ்ட் துணி இருந்திருக்கிறது.

அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. அவரும் அதே டி-ஷர்ட் போட்டவர்தானே. துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்குப் பாசம் பொங்கியது. அப்புறம் அவர் வாயைத் திறந்தார்.

"இத அம்மாகிட்டச் சொல்லாத."

"ஏனுங்ணா?"

"அப்பா பேருல காலேஜுக்கு ஒரு கட்டடம் கட்டலாம்னு இருக்கறன். இந்த நேரத்துல எதுக்கு இதெல்லாம்? வண்டிய இருக்கறபடியே மூடிக் குடு. கண்ணாடிக்குள்ள நிக்கற வண்டிக்குப் பிரேக் எதுக்கு?"

"நான் கண்ணாடிக்குள்ள ஓட்டறதில்லீங்களே."

அவர் காரை நோக்கி இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "சரி, உன்ற இஷ்டம். திங்கக்கிழமையிலிருந்து கட்டிங் வராது. ஆளுகளுக்குச் சொல்லிரு."

என் யூனிட்டில் ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கும் வேறு வருமானம் கிடையாது. எனக்குப் பயம்தான், மறைப்பானேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் படிக்காமல் போட்ட கையெழுத்து மொத்தமும் அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது.

"வராட்டிப் போவுதுங்ணா" என்றேன். கார் போனதும் அழகுமலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னத்தப் பாக்கற? மாட்டு."

முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கை மாற்றி, டிஸ்க் தகட்டோடு புதுச் சக்கரத்தைப் போட்டு, கைப்பிடியில் ஆயில் டப்பாவை முறுக்கி, குழாயில் இருந்த காற்றை எல்லாம் சொட்டுச் சொட்டாக வெளியேற்றி முடிக்க வியாழக்கிழமை ஆகிவிட்டது. நடுவில் ஒருநாள் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அம்மா அண்ணனின் மாடி வீட்டுக்குப் போகாமல் பழைய ஓட்டு வீட்டிலேயே இருக்கிறார். அதன் முன்பக்கத்து ஷெட்டில்தான் என் யூனிட். நூல் பிசிறு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மடியில் துணியை வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அழுவார், அல்லது மயக்கம் போட்டு விழுவார் என்று சொம்பில் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தேன்.

அம்மா துணியை விரலால் நீவிப் பார்த்தார். "நாந்தான் குடுத்தேன்" என்றார்.

சொம்புத் தண்ணீரை நானே எடுத்துக் குடித்தேன்.

"ஒருக்கா மழைல முன்னால புடிச்சுத் தூக்கி வீசிருச்சு. மூட்டை பூராச் சேத்துல. ஊட்டுக்கு வந்த வேகத்துல உங்கப்பா அதக் கழட்டி எறிஞ்சுபோட்டாங்க. உள்ளுக்குள்ள சத்தம் வருதுன்னு துணி கேட்டாங்க. குடுத்தேன். அப்பவே சொன்னேன், ஏனுங்க, நிக்காத வண்டி எதுக்குங்கன்னு. ஓட்டத் தெரிஞ்சவனுக்குப் பின் பிரேக்கே சாஸ்தின்னாங்க."

"அப்புறம் இத்தன வருசமா விதி விதின்னு சொன்னீங்களேம்மா?"

"நான் எங்க கண்ணு சொன்னேன்? ஊரு சொல்லுச்சு. உங்கப்பா கேட்டுட்டு உக்காந்திருந்தாங்க. நான் வாயத் தொறந்தா அவங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

முப்பத்து நாலு வருஷம். விந்தி விந்தி நடந்து, வருகிறவர்கள் எல்லாம் பாவம் விதி என்று உச்சுக்கொட்டியதைக் கேட்டுக்கொண்டு, அந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருக்கிறார். எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சம் அம்மாமேலும் வந்தது. கோபத்தோடுதான் எழுந்தேன். அம்மா பிசிறு வெட்டுகிற கத்தரியைக் கீழே வைத்தார்.

"இப்பப் போடறயே, அது நிக்குமா?"

"நிக்கும்."

"உங்கண்ணன் கட்டிங் குடுக்க மாட்டேன்னானாமா?"

"ஆமாங்கம்மா."

அம்மா மறுபடியும் கத்தரியை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூஜைக்கு அம்மாவை அழைத்துவர அண்ணன் காரை அனுப்பியிருந்தார். டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா காரைத் தாண்டி நடந்து போய், புல்லட்டின் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போடச் சொன்னார். விபத்துக்குப் பிறகு அவர் எந்த இருசக்கர வண்டியிலும் ஏறியதில்லை. ஸ்டூலில் ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, குட்டைக் காலை வண்டியின் மிதிபலகையில் ஊன்றிப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். பின்னால் கார் காலியாக வந்தது.

ஊரைத் தாண்டி ரோடு இறக்கத்தில் போகிற இடத்தில் அம்மா என் காதருகே, "புடி" என்றார்.

"இங்கேயாம்மா?"

"புடிங்கறேன்."

இரண்டு விரலால் அழுத்தினேன். என்னையும் மீறி உடம்பு தூக்கி வீசப்படுவதற்குத் தயாராக இறுகியது. வண்டி முன்னால் லேசாகக் குனிந்து, இறக்கத்தின் நடுவில், நிறுத்தி வைத்தது போல நின்றது. அம்மாவின் நெற்றி என் முதுகில் வந்து முட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. முதுகில் ஜாக்கெட் நனைவது தெரிந்தது. பின்னால் கார் டிரைவர் ஹாரன் அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு அடிக்காமல் விட்டார்.

"இன்னொருக்கா" என்றார் அம்மா.

கம்பெனி போய்ச் சேருவதற்குள் நான்கு முறை பிடித்தேன்.

கேட்டைத் திறந்து வைத்து வாழைமரம் கட்டியிருந்தார்கள். டைலர்கள், செக்கிங் பெண்கள், ஒடிசாப் பையன்கள் எல்லாரும் புது யூனிபார்மில் இரண்டு பக்கமும் நின்றார்கள். உள்ளே வராந்தாவில் கண்ணாடிக் கூண்டு கதவு திறந்தபடி காலியாக இருந்தது. அதற்குள் மாலை மட்டும் தொங்கியது. வண்டிச் சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். நான் வண்டியைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்திருக்க வேண்டும், சிரித்தார். அப்புறம் முன்சக்கரத்தில் மின்னுகிற தகட்டைப் பார்த்தார். அதற்கும் அப்புறம்தான் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தார். கேட்டுக்கு நடுவில் வந்து நின்று, நிறுத்து என்பது போலக் கையைத் தூக்கினார்.

நான் வேகத்தைக் குறைக்காமல் வந்து, கோலத்தின் ஓரத்தில் பிடித்தேன். டயருக்கும் அவருடைய வேட்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

"தள்ளி நில்லு கண்ணு" என்றார் அம்மா, என் தோளுக்கு மேலாக. "இது புடிச்சா நிக்கற வண்டி. கூண்டுக்குள்ள போகாது. நாங்க கம்பெனிய ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து சாமி கும்பிட்டுக்கறம்."

அண்ணன் தள்ளி நிற்கவில்லை. நானும் என்ஜினை அணைக்கவில்லை.