இரண்டாம் கியர்

"அப்பா, மேடு வந்தா நம்ம காரு ஏன் அழுவுது?" என்று மகள் ஆறு வயதில் ஒருமுறை கேட்டாள். "அழல கண்ணு, மூச்சு வாங்குது" என்று சொல்லிச் சமாளித்தார் அவர்.

இன்று அதே மகள் ஏழு மாத வயிற்றோடு பின்சீட்டில், தாயின் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். விடிந்ததிலிருந்து உதிரம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியோ மலை உச்சியில். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துச் சம்பாதித்து அவர் வாங்கிய எண்ணூறு சிசி கார்தான் கதி. முன்சீட்டை நிறைத்துக்கொண்டு மருமகனின் தாய்.

"ஏ.சி.ய நிறுத்துங்க சம்பந்தி. இதுக்கு நம்மள இழுக்கவே தெம்பு இல்ல, குளிரு வேற கேக்குதா?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். கல்யாணத்தன்றே இதைச் சக்கரம் வைத்த தையல் மெஷின் என்று சபையில் சிரித்தவள் அவள்.

மூன்றாவது வளைவில், முதல் கியரில் என்ஜின் கதறியது. பெட்ரோல் மிச்சம் பிடித்தே பழகிய கை, அந்தச் சத்தம் பொறுக்காமல் தானாக இரண்டாம் கியருக்குப் போனது. போகக்கூடாத இடம். கார் இருமி, நின்றேவிட்டது. ஹேண்ட் பிரேக்கையும் மீறிப் பின்னால் நழுவியது. கால் பிரேக்கை விட்டுத்தான் கிளப்ப வேண்டும், விட்டால் பள்ளம். இரண்டு முறை முயன்றார். கிளட்ச் கருகும் வாடைதான் வந்தது.

"என்னங்க, இவ கண்ணு சொருகுது!" என்று மனைவி அலறினாள்.

'ஆண்டவனே, என் கஞ்சத்தனத்துக்கு இவளையா கேக்குற?' என்று அவர் மனசு துடித்தது.

கதவு திறந்தது. சம்பந்தியம்மாள் முட்டிவலியோடு தூறலில் இறங்கி, ஓரத்துப் பாறாங்கல் ஒன்றைப் புரட்டி வந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.

"என் பாரம் இறங்கிடுச்சு. ஃபர்ஸ்ட்லயே போங்க, கத்தட்டும். எனக்காக நிக்காதீங்க!"

அவர் நிற்கவில்லை. உச்சிவரை முதல் கியரிலேயே கதறவிட்டார்.

"பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா ரெண்டு உயிருமே இல்ல" என்றார் டாக்டர். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்டது. மகளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

சம்பந்தியம்மாள் நொண்டிக்கொண்டே நடந்து வந்து சேர்ந்தாள். விரல்களில் தோல் உரிந்திருந்தது. சேதி கேட்டு அழுது, பெஞ்சில் சாய்ந்தவள் அரைத்தூக்கத்தில் முனகினாள்: "கல்லு நடுரோட்டுலயே கிடக்கு சம்பந்தி... மறுபடி புரட்ட கையில பலமில்ல. யாராச்சும் வந்து மோதிட்டா?"

அப்படியே தூங்கிப்போனாள்.

அவர் சத்தமில்லாமல் எழுந்து, மூன்றாவது வளைவுவரை நடந்தே இறங்கினார். மழை வலுத்திருந்தது. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. குனிந்து, இரு கையாலும் கல்லைப் புரட்டி ஓரத்தில் சேர்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார்.