சுவரில் ஐந்து வெற்றுத்தாள்

திருவானைக்காவல் கடைத்தெருவில் பூக்கடை வைத்திருக்கும் ராசாத்தியின் நகைக்கடைக் காலண்டர் 2023 செப்டம்பர் பதினேழாம் தேதியோடு தீர்ந்தது. மறுநாள் காலை அதே அட்டையில் இருநூற்று அறுபது புதுத்தாள்கள் முளைத்திருந்தன. தேதிக்குப் பதில் தாளுக்கு ஓர் எண்ணும் ஒரு பெயரும் இருந்தன: ஒன்று முதலை, இரண்டு காற்று, மூன்று இரவு. பக்கத்து ஆணியில் தொங்கிய அரிசி மண்டிக் காலண்டரும் சும்மா இருக்கவில்லை. மாதத்துக்கு இருபது நாளாகப் பதினெட்டு மாதம், கடைசியில் எந்த மாதத்திலும் சேராத ஐந்து நாள் என்று தன்னை மாற்றிக்கொண்டது. தெருவில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ராகுகாலம் போடாததுதான் ராசாத்திக்குக் குறை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர், சர்ச்சுக்குப் பூ வாங்கப் பாலக்கரையிலிருந்து வரும் சரித்திர டீச்சர் பேட்ரிசியா. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயா மக்களின் பழைய நாள்கணக்கு அது. பதின்மூன்று எண்களும் இருபது பெயர்களும் சேர்ந்தே நகரும். பதின்மூன்று முடிந்ததும் எண் ஒன்றுக்குத் திரும்பிவிடும், பெயர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். முதல் ஜோடி மறுபடி சேர இருநூற்று அறுபது நாள் ஆகும். இந்தச் சின்னச் சக்கரமும் முந்நூற்று அறுபத்தைந்து நாள் பெரிய சக்கரமும் சேர்ந்து சுழல, ஒரு நாள் தன் பழைய இடத்துக்கே திரும்பி வர ஐம்பத்திரண்டு வருடம். இதற்கெல்லாம் மேலே, ஆட்டோ மீட்டர் மாதிரி நாள்களை எண்ணிக்கொண்டே போகும் நீண்ட கணக்கு ஒன்றும் உண்டு. 2012-ல் அதில் ஒரு பெரிய இலக்கம் புரண்டதற்குத்தான் உலகம் அழியப்போகிறது என்று ஊர் ஊராகப் புளுகினார்கள். திருச்சியில் அன்று டவுன் பஸ்கள் வழக்கம்போல ஓடின.

"நமக்கு அறுபது வருசத்துல, பிறந்த வருசத்தோட பேரு திரும்பி வருதுல்ல? அவங்களுக்கு அம்பத்தி ரெண்டுங்க" என்றார் பேட்ரிசியா.

ராசாத்தி கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தார். வீட்டை எதிர்த்து, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு மணந்தவர் அவர். மேளம், மாலை, பந்தி எல்லாவற்றையும் அறுபதாம் கல்யாணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆட்டோ ஓட்டும் கணவர் அடைக்கலம் வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் கல்யாண மாலை கட்டியும் ராசாத்தியின் கழுத்துக்கு ஒன்றுகூட ஏறவில்லை. அந்த ஏக்கத்தை அவர் மறைத்ததும் இல்லை. அடைக்கலத்தின் இதயத்தைச் சோதித்த டாக்டரோ, ஒரு வருடம் தாண்டினால் பெரிது என்று சொல்லியிருந்தார். அறுபதுக்கு ஒன்பது வருடம் பாக்கி. ஐம்பத்திரண்டுக்கு ஒரு வருடம்கூட இல்லை.

அடைக்கலத்தின் ஐம்பத்திரண்டாம் பிறந்தநாள் அடுத்த வருடம் ஆகஸ்ட் இருபது, ஆவணி நான்கு. அறுபதுக்குக் காத்திராமல் அன்றே கல்யாணம் என்று பத்திரிகை அடித்து, ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. ஆனால் ஆகஸ்ட் இரண்டாம் தேதியே அரிசி மண்டிக் காலண்டரில் முதல் வெற்றுத்தாள் வந்துவிட்டது. மாதமில்லாத அந்த ஐந்து நாள்களை மாயா மக்கள் ஆகாத நாள்களாக வைத்திருந்தார்கள். கடையில் மொட்டுகள் மலர மறுத்தன. அடைக்கலத்தின் உதடுகள் நீலம் பாரித்தன. பேட்ரிசியா விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். அந்தக் கணக்கில் லீப் நாள் கிடையாது. ஐம்பத்திரண்டு வருடத்தில் சக்கரம் பதின்மூன்று நாள் முந்திவிட்டது. ஜூனில் தீர்ந்து மறுபடி ஒன்றிலிருந்து முளைத்திருந்த நகைக்கடைக் காலண்டரும் அரிசி மண்டிக் காலண்டரும் கூடும் நாள் ஆகஸ்ட் ஏழு, பதின்மூன்று பாம்பு. அடைக்கலம் பிறந்த அன்றும் பதின்மூன்று பாம்புதான். அதை விட்டால் இன்னோர் ஐம்பத்திரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் ஏழு என்றால் நட்ட நடு ஆடி.

"ஆடியில யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?" என்றார் அடைக்கலம், படுத்தபடியே.

"பண்ண மாட்டாங்க. அதான் மண்டபமும் காலியா கெடக்கு, மேளக்காரரும் சும்மா இருக்காரு" என்றார் ராசாத்தி. "நீங்க அஞ்சு நாளைக்கு அசையாம படுங்க, போதும்."

அவரும் சொன்ன பேச்சைக் கேட்டார். ஏழாம் தேதி விடியும்போது ஐந்து நாள் மொட்டுகள் அத்தனையும் ஒரே நொடியில் மலர்ந்து, வாசம் அம்மா மண்டபம் வரை போனது. ராசாத்தி இரண்டு மாலை கட்டினார். நாலு ஆட்டோக்காரர்கள் மாப்பிள்ளையை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மாலை கழுத்தில் விழுந்ததும் ராசாத்தி சபை பார்க்க வாய்விட்டு அழுதார். பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டபோது அடைக்கலத்தின் உதடு சிவந்திருந்தது. மறுநாள் டாக்டர் மூன்று முறை ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் புதுசாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்டாண்டில் அடைக்கலத்தின் வயதை இப்போது ஒன்றிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அவரும் சவாரியில் அதைத்தான் சொல்கிறார். ராசாத்திக்குச் சக்கரம் சேர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அந்த மாலையைத் தன் கையால் கட்டுவதென்று அடைக்கலம் தினமும் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து பழகுகிறார். வாழைநார் இன்னும் கைக்கு அடங்கவில்லை. ராசாத்தி அவிழ்த்துவிட்டு மறுபடியும் அவரிடமே கொடுக்கிறார்.