மஞ்சள் பாய்

பேருந்து ஓட்டுகிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நம் டிரைவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் பச்சையாவதற்குள் ஹாரனை அமுக்கிவிடுவார். வீட்டிலும் அதே முந்திரிக்கொட்டைத்தனம்தான். "பாப்பா, உன் பேரென்ன?" என்று யாராவது மகளிடம் கேட்டால் போதும். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் பெயர், வயது, வகுப்பு, பிடித்த நிறம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "கொஞ்சம் கூச்ச சுபாவம். பழகினா சரியாயிடுவா" என்று முடிப்பார்.

மகள் சிட்டுக்கு ஏழு வயது. வீட்டில் அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுவாள். பள்ளி மைதானத்திலோ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு வருவாள். அவளுக்கென்று ஒரு தோழிகூடக் கிடையாது. அதை நினைத்தால் டிரைவருக்குச் சாப்பாடு இறங்காது.

அதனால்தான் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு கூடம். குழந்தைகள் கூடி விளையாடவும், முறை வைத்துப் பேசவும், சண்டை போட்டால் சமாதானமாகவும் அங்கே ஒரு மிஸ் கற்றுக்கொடுத்தார். விளையாட்டில் சேர வேண்டுமா? பக்கத்தில் போ, கொஞ்சம் கவனி, இடைவெளி வரும்வரை காத்திரு, "நானும் வரட்டுமா?" என்று கேள். கேட்டவர்களுக்குக் கட்டாயம் இடம் உண்டு. ஆனால் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கிட்டா, கூப்பிட ஆளில்லாத இடத்துல குழந்தை என்ன பண்ணும் சார்?" என்றார் மிஸ். டிரைவருக்கு அது நியாயமாகப் பட்டது, பிடிக்கத்தான் இல்லை.

விதியை மீறினால் அடி, திட்டு எதுவும் இல்லை. மூலையில் விரித்திருக்கும் மஞ்சள் பாயில் உட்கார வேண்டும். பிறகு, "நானும் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப வரலாம்.

சிட்டு பக்கத்தில் போவாள். கவனிப்பாள். காத்திருப்பாள். கேட்க வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்து சுவரோரம் நிற்பாள். பின்னால் பெற்றோர் நாற்காலியில் டிரைவரின் உதடுகள் அவளுக்காகத் துடித்துக்கொண்டிருக்கும். "கேளேன்டா, கேட்டா என்ன?" என்று போகும்போதும் வரும்போதும் அவள் காதைத் துளைத்துவிடுவார்.

கடைசி வகுப்பும் வந்துவிட்டது. இன்றைக்கும் கேட்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி அந்த மைதானம், அந்தச் சுவர். டிரைவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு காரியம் செய்தார்.

குழந்தைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என்ஜினாக இருந்தவன் வக்கீல். எல்லாவற்றுக்கும் விதியை எடுத்து நீட்டுவதால் அவனுக்கு அந்தப் பெயர். அப்படிப்பட்டவன் திடீரென்று ரயிலை நிறுத்தி, "சிட்டு, விளையாட வா!" என்று கத்தினான்.

கூடமே திகைத்தது.

"கூப்பிடக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமே?" என்றார் மிஸ்.

"தெரியும் மிஸ். ஆனா அவங்கப்பா கூப்பிடச் சொல்லி டைனோசர் ஸ்டிக்கர் குடுத்தாரு." பையிலிருந்து எடுத்தும் காட்டினான். போன வாரப் பாடம் உண்மை பேசுவது.

குட்டு வெளிப்பட்டதும் டிரைவர் முகத்தில் அசடு வழிந்தது. மற்ற பெற்றோர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். வக்கீல் தானாகவே பாயில் போய் உட்கார்ந்தான், கேட்டான், எழுந்து வந்துவிட்டான். மிஸ் டிரைவரைப் பார்த்தார்.

"நானா? நான் பெரியவன் மிஸ்!"

"பாயும் பெரிசுதான் சார்."

முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, டிரைவர் பாயில் உட்கார்ந்தார். ரயில் அவரைச் சுற்றிப் போனது. இதோ கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. ஒரு பஸ் நிறையக் கூட்டத்தைப் பார்த்து "உள்ள தள்ளி நில்லுங்க!" என்று அதட்டுகிற தொண்டை அது. இடமில்லை என்று சொல்லிவிட்டால்? எல்லோரும் சிரித்துவிட்டால்? இதையா என் குழந்தை தினம் தினம் அனுபவிக்கிறாள், இதற்கா நான் "கேட்டா என்ன" என்று நச்சரித்தேன் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

சுவரோரம் நின்ற சிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்தாள். ரயிலோடு கூடவே நடந்தாள். ஸ்டேஷன் என்று வைத்திருந்த செருப்பு ஸ்டாண்டு அருகே ரயில் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"எங்கப்பாவும் வரட்டுமா?"

மிஸ்ஸின் கை வாய்க்குப் போனது. வக்கீல் மட்டும் அசையவில்லை. "அவருதான் கேக்கணும். ரூல்."

"அவருக்குப் பயமா இருக்கு. இரு, கூட்டிட்டு வரேன்."

வந்து டிரைவரின் விரலைப் பிடித்து இழுத்தாள். "ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம்ப்பா. நான் மூணு சொன்னதும் கேக்கணும், சரியா? ஒண்ணு... ரெண்டு..."

"நா..." என்றார் டிரைவர்.

"இருப்பா! இன்னும் மூணு சொல்லல!"

கூடம் குலுங்கிச் சிரித்தது. டிரைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தொண்டை இளகிவிட்டது. சிட்டு மூன்று சொன்னாள்.

"நாங்களும் வரட்டுமா?"

"வாங்க!" என்று ரயில் முழுக்கக் கூவியது.

பழக்கதோஷம், டிரைவரின் கால் நேராக என்ஜினுக்குப் போனது. "புதுசா வர்றவங்க பின்னாடி" என்று வக்கீல் கை காட்டினான். கடைசிப் பெட்டியாகக் குனிந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடினார். முறை மாறி மாறிச் சிட்டு என்ஜினானாள். "எல்லாரும் ஏறியாச்சா? போலாமா?" என்று அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, வாலில் ஓடிய டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் முன்னால் இருந்த பிள்ளையின் தோளில் இருந்தன.

வகுப்பு முடிந்து இறங்கும்போது, வக்கீல் படியில் நின்று சிட்டுவிடம் ஒரு டைனோசரைப் பிய்த்துக் கொடுத்தான். அவள் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

கீழே சைக்கிள் கடைக்காரர் அந்த நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். "அடேயப்பா! பாப்பா, உன் பேரென்ன?"

டிரைவர் வாயைத் திறந்தார். மூடினார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சிட்டு தன் முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள்.

"இது எங்கப்பா. கொஞ்சம் கூச்ச சுபாவம். பழகினா சரியாயிடுவாரு."