ஓவியத்துக்கு ஏ

மகளின் மதிப்பெண் அட்டையைப் பார்த்த கண்டக்டரம்மாவுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியிருந்த பெண், ஓவியத்தில் ‘ஏ’ வாங்கியிருந்தாள்.

“எங்கடி நீ வரைஞ்சது? காட்டு, பார்ப்போம்.”

“எதைக் காட்டறது? டீச்சரே இல்லம்மா. அந்தப் பீரியட்லயும் கணக்குதான் நடக்கும். எல்லாருக்கும் ஏ போட்டுடுவாங்க.”

மகள் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவள் அவள். ஓடாத பஸ்ஸுக்கு டிக்கெட் கிழித்தால் சும்மா விடுவார்களா?

பெற்றோர் கூட்டத்துக்கு ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தவள், நேராக எழுந்து நின்றாள்.

“மேடம், என் பொண்ணுக்கு ஏ போட்டிருக்கீங்க. எந்தப் படத்துக்குன்னு கொஞ்சம் காட்டுங்களேன்.”

பின்வரிசையில் தச்சு வேலை செய்யும் அப்பா ஒருவர், “எங்க பையனோடதையும் காட்டுங்க” என்றார். அப்புறம் ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள்.

தலைமை ஆசிரியை மழுப்பவில்லை.

“டீச்சர் மாற்றலாகி மூணு வருஷம் ஆச்சு. வேற ஆள் கேட்டு எழுதி எழுதி ஓய்ஞ்சுட்டேன். கணக்குல மார்க் குறைஞ்சா எல்லாரும் சண்டைக்கு வர்றீங்க. ஓவியத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.”

“இப்ப கேக்கறோம்ல? இன்னொரு லெட்டர் எழுதுங்க. நாங்களே கொண்டு போறோம்” என்றாள் கண்டக்டரம்மா.

மறுவாரம் பத்தொன்பது பெற்றோர் கல்வி அலுவலகத்தில் போய் நின்றார்கள். குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “நாளைக்கு வாங்க.”

“நிக்கவே இடமில்லாத பஸ்ல அறுபது பேரை உள்ள தள்ளிவிடறவ நான். ஒரு ஃபைலை நகர்த்த மாட்டேனா?” என்றாள் கண்டக்டரம்மா. குமாஸ்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரி சிரிக்கவில்லை. “பரீட்சை இல்லாத பாடத்துக்கு என்னம்மா அவசரம்?”

“வசதி இருக்கறவங்க வெளிய அனுப்பிக் கத்துக்கொடுக்கறாங்க சார். எங்க பிள்ளைங்களுக்கு இந்த ஒரு பீரியட்தான். அதையும் பிடுங்கிட்டா எங்க போவாங்க?”

அவர் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். அதன் பிறகும் மூன்று தடவை நடையாய் நடந்தார்கள். நான்காம் தடவை கையில் உத்தரவோடு திரும்பினார்கள்.

புது டீச்சர் வந்த அன்று, பழைய ஆய்வகத்தைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். கண்டக்டரம்மாவும் தச்சரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தை வரையச் சொல்லியிருந்தார் டீச்சர். “ஏய், என் மூக்கு அவ்ளோ பெரிசா?” என்று ஒரே கூச்சல்.

அந்த நேரம் பார்த்துக் கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார். “ஒரு அரை மணி நேரம் குடுத்தீங்கன்னா, பாக்கிப் பாடத்தை…”

அவருக்குப் பின்னாலேயே தலைமை ஆசிரியை. “கணக்குக்குக் கணக்குப் பீரியட் இருக்கு சார். இது இவங்களோடது.”

வகுப்பே கைதட்டியது. கண்டக்டரம்மா விசிலே அடித்துவிட்டாள்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “மேடம், எனக்கு ஜோடி இல்ல. நீங்க வந்து உக்காருங்களேன்.”

தலைமை ஆசிரியை கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளே போய், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சின்ன ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆடக் கூடாது மேடம்” என்றாள் சிறுமி.