ஊமையான செருப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஏட்டையா உக்கிரபாண்டி எந்தக் கேஸையும் இழுத்தடிக்க மாட்டார். சாட்சி வாயைத் திறப்பதற்குள் நடந்ததை அவரே சொல்லி முடித்துவிடுவார். மூன்று வயது மகள் அனுசியாவின் கேஸையும் அப்படித்தான் முடித்தார்.

வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு சாயங்காலம் திடீரென்று புரையேறியது. முகம் சிவக்க இருமி, தானாகவே அடங்கினாள். அதிலிருந்து மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கீச்சென்று ஒரு சத்தம்.

மடவார் வளாகத்தில் தொக்கம் எடுக்கிற இசக்கியம்மாளிடம் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் தொண்டையில் சிக்கியதை எடுப்பதில் பேர்போனவள். கழுத்தை நீவினாள், குழலை வைத்து உறிஞ்சினாள், உள்ளங்கையில் ஒரு தேங்காய்ச் சில்லைத் துப்பிக் காட்டினாள்.

"இவ இன்னைக்குத் தேங்காயே திங்கலயே" என்றாள் ஏட்டையாவின் மனைவி மாரீஸ்வரி.

"கண்ணு முன்னாடி எடுத்துக் காட்டிட்டாக. பொறவு என்னட்டி?"

ஏட்டையா சில்லைக் கவரில் போட்டுப் பத்திரப்படுத்தினார். தடயமாம்.

மறுநாள் இன்னொரு குற்றமும் அவர் கண்ணில் பட்டது. நடந்தால் கீச்கீச்சென்று கத்துகிற புதுச் செருப்பில் ஒரு கால் கத்தவில்லை. யூனிஃபார்மோடு கடைக்குப் போனார். "ஏலே, போலீஸ்காரன் பிள்ளைக்கே ஊமைச் செருப்பா?" கடைக்காரர் வேறு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். நீதி கிடைத்த திருப்தியில் ஏட்டையா அன்று இரண்டு டீ குடித்தார்.

நெஞ்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. ராஜபாளையத்தில் குழந்தை டாக்டரிடம் காட்டினார்கள்.

"எதையாவது முழுங்கினாளா?"

"அதெல்லாம் எடுத்தாச்சு டாக்டரம்மா" என்று ஏட்டையா கவரை நீட்டினார்.

இளைப்பாக இருக்கும் என்று உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதற்கும் கேட்கவில்லை. காய்ச்சல் வந்துவந்து போனது. ஓடித் திரிந்த பிள்ளை மடியை விட்டு இறங்க மறுத்தாள். பிள்ளை தக்குமா என்று மாரீஸ்வரி ராத்திரியெல்லாம் அவள் மூச்சைக் கேட்டபடி விழித்திருந்தாள்.

மறுபடி போனபோது டாக்டர் வெகுநேரம் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். "வலது பக்கம் மட்டும்தான் சத்தம் வருது. புரையேறுனப்ப கையில என்ன வச்சிருந்தா?"

ஏட்டையா வாயைத் திறந்தார்.

"நீங்க இருங்க சார். அம்மா சொல்லட்டும்."

"செருப்பைக் கடிச்சுக்கிட்டு இருந்தா மேடம். அன்னைல இருந்து செருப்புச் சத்தம் நின்னுபோச்சு, இவ நெஞ்சு கத்துது. எம்புட்டோ சொன்னேன், அவிய காதுலயே வாங்கல."

"அந்தச் செருப்பு எங்க?"

"கடையில மாத்தியாச்சு" என்றார் ஏட்டையா.

எக்ஸ்ரேயில் பிளாஸ்டிக் தெரியாது. ஆனால் வலது நுரையீரல் மட்டும் காற்று அடைத்து உப்பியிருந்தது தெரிந்தது. மதுரையில் மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு எடுத்தார்கள். செருப்பைக் கத்த வைக்கிற, பட்டாணியை விடச் சின்னதான ஒரு பிளாஸ்டிக் பீப்பி. அது வெளியே வரும்வரை ஏட்டையா வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். யாரையும் விசாரிக்கவில்லை.

வீடு வந்ததும் இடுக்கியை எடுத்து, மாற்றி வாங்கிய செருப்பிலிருந்த பீப்பிகளைப் பிடுங்கி எறிந்தார். அனுசியா போட்டு நடந்து பார்த்தாள். கத்தவில்லை. தரையில் உருண்டு ஊரையே கூட்டினாள்.

தூக்கப் போன மாரீஸ்வரியைத் தடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து மகளின் நெஞ்சில் காதை வைத்தார். அழுகையைத் தவிர உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

"நல்லா அழு தாயி" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.