முந்திக்கொண்ட உறுமி

1976-ஆம் ஆண்டு தைப்பூசத்தில் உடையப்பன் அடிக்கப்போகும் உறுமி, முந்தின வாரமே அவர் வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது. அன்று ஈப்போவில் மீன் விலையும் ஏறியிருந்ததால் எங்கள் புந்தோங் வட்டார மக்கள் மீனைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

உடையப்பன் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உறுமி அடித்தவர். தோட்டம் கைமாறியதும் இங்கே வந்து ரேடியோ பழுதுபார்த்தார். அதோடு சும்மா இருந்திருக்கலாம். பழைய டெலிபோனின் பேசும் குமிழை உறுமித் தோலில் ஒட்டி, கம்பியை டேப் ரிக்கார்டருக்குள் விட்டு, நாடாவை வளையமாக்கிச் சுற்றவிட்டார். உறுமல் இழுபட்டு, கிணற்றுக்குள் லாரி திரும்புவதுபோல வந்தது.

"என்ன அண்ணே, பெட்டிக்கு வயித்து வலியா?" என்றார் எதிர்க் கடை மீரா சாஹிப்.

"புது இசை லா. உங்களுக்கு வெளங்காது."

உடையப்பன் மனைவி நல்லம்மாளுக்கும்தான் விளங்கவில்லை. தைப்பூசத்துக்குப் பிறகும் பெட்டி முந்திக்கொண்டேயிருந்தது. அது வாசித்ததை, கை தடுமாறிய இடம் உட்பட, சில நாளில் அவர் அப்படியே அடிப்பார். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

1979-ல் நல்லம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், பெட்டியில் சாவு மேளம் கேட்டது. முடிவில் யாருக்கும் பிடிபடாத ஒரு நீண்ட கீச்சொலி. தோட்டத்தை விட்டு வந்தபின் சொந்த வீட்டுச் சாவுக்கன்றி அந்த அடியை அடிப்பதில்லை என்றிருந்தவர் உடையப்பன். வீட்டிலோ இரண்டே பேர். செத்தவர் உறுமி அடிக்க முடியாது. ஆகவே யாரென்று நாங்கள் பேசி முடித்துவிட்டோம்.

அடிக்காவிட்டால் சாவு வராது என்பது அவர் நம்பிக்கை. உறுமியைக் கைலியில் சுற்றி அலமாரிமேல் போட்டார். வருடங்கள் போயின. நல்லம்மாள் இருமினால் அவர் எழுந்து நிற்பார். குழம்புக் கிண்ணத்தோடு எட்டிப் பார்க்கப் போனவர்களில் நாங்களும் உண்டு, மறைப்பானேன்.

1983-ல் நல்லம்மாளே உறுமியை இறக்கினாள். வாசலில் நாற்காலி போட்டு, கழுத்தில் மாலையும் போட்டுக்கொண்டாள்.

"போனப்புறம் அடிச்சா நான் எப்படிக் கேக்கறது? இப்பவே அடிங்க லா."

"வாயக் கழுவு, நல்லம்மா."

"நீங்க அடிக்கிறீங்களா, மீரா சாஹிப் அண்ணனக் கூப்பிடவா?"

அழுதுகொண்டே அடித்தார். அதே அடி, அதே தடுமாற்றம். பெட்டி வாய் திறக்கவில்லை; அதுதான் எப்போதோ வாசித்துவிட்டதே. அவருடைய அழுமூஞ்சியைப் பார்த்த நல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு முட்டும்வரை கீச்சென்று சிரித்தாள்.

மீரா சாஹிப் டீக் குவளையைக் கீழே வைத்தார். "அட, அந்தக் கீச்சு!"

பெட்டி இன்னும் முந்தித்தான் வாசிக்கிறது. கோயில் கமிட்டி அதைக் கேட்டுத்தான் திருவிழாவுக்குத் தேதி வைக்கிறது. சத்தம் அதிகம் என்று நல்லம்மாள் அதன்மேல் தலையணையைப் போட்டு வைத்திருக்கிறாள்.